‘உள்ள வா... கறுத்துடுவ!’

ஏப்ரல் மாதம், மதியம் பன்னிரண்டரை மணி. சென்னையின் பெரிய சிக்னல் எதிலாவது ஓரமாக நின்று பாருங்கள். ஸ்கூட்டியில் வந்து நிற்கும் பெண்களில் பாதிப் பேருக்கு முகமே தெரியாது. துப்பட்டா தலையைச் சுற்றி, மூக்கைச் சுற்றி, பின்கழுத்தில் முடிச்சாக முடிந்திருக்கும். அதன்மேல் கூலிங் கிளாஸ். முழங்கையைத் தாண்டி ஏறும் துணி கிளவுஸ். கட்டைவிரல் மட்டும் தனியாகப் பிரிந்த, செருப்போடு போடுகிற சாக்ஸ். கோடை தொடங்கியதும் பிளாட்பாரக் கடைகளில் இவையெல்லாம் கொத்துக் கொத்தாகத் தொங்க ஆரம்பித்துவிடும். பக்கத்து வண்டியில் நிற்கிற ஆணையும் பாருங்கள். அரைக்கைச் சட்டை. ஹெல்மெட் தலையில் இருந்தால் போலீஸ் நிற்கிறது என்று அர்த்தம். முன்கை இரண்டும் தீய்ந்து, வாட்ச் கட்டிய இடம் மட்டும் வெளுத்துக் கிடக்கும்.

இருவர்மேலும் விழுவது ஒரே வெயில். ஆனால், அவன் கை கறுத்தால் வீட்டில் யாரும் கேட்கப்போவதில்லை. மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்கள் சம்பளத்தைக் கேட்பார்கள், முன்கையைப் பார்க்க மாட்டார்கள். அவளுக்கு அப்படி இல்லை. கோடை லீவில் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தபோது எந்த அம்மாவும் பையனைப் பார்த்து “உள்ள வா... கறுத்துடுவ” என்று கூப்பிட்டதில்லை. அந்தக் குரல் பெண் பிள்ளைக்கு மட்டும்தான் வந்தது.

தமிழ்நாட்டில் வெயில் பாதுகாப்பு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி நிறப் பாதுகாப்புதான். எதற்காகவோ, பாதுகாத்துக்கொள்கிறார்களே, அதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் இருக்கிறது. நிறத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லாதவர்கள் வெயிலைப் பற்றியும் கவலைப்படாமல் விட்டுவிடுகிறார்கள்: ஆண்கள், ஏற்கெனவே கறுப்பாக இருப்பதால் “இனி என்ன கறுக்கப்போகிறது” என்று சிரிக்கிறவர்கள், வெயிலில் நின்றால்தான் அன்றைக்குக் கூலி என்றிருப்பவர்கள். நிறத்துக்குப் பயப்படுகிறவர்களோ வெயிலைவிடக் கெடுதலான டியூப்களைக் காசு கொடுத்து வாங்கி முகத்தில் பூசிக்கொள்கிறார்கள்.

சிவப்பழகு போய் ‘டேன்’ வந்தது

1975-ல் ஃபேர் அண்ட் லவ்லி இந்தியச் சந்தைக்கு வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே நிறத்தின் கணக்கு இங்கே தீர்ந்துபோயிருந்தது. வெயிலில் வேலை செய்கிறவர் கறுப்பார், நிழலில் உட்கார்ந்து வேலை வாங்குகிறவர் கறுக்க மாட்டார். இதில் சாதியும் காசும் கலந்திருப்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கல்யாண விளம்பரங்களில் ‘நல்ல சிவப்பு’ என்றும், அது முடியாதபோது ‘மாநிறம்’ என்றும் போட்டுக்கொண்டிருந்த சமூகத்துக்கு அந்த க்ரீம் புதிதாக எதையும் சொல்லித்தரவில்லை. இருந்த பயத்தை டியூபில் அடைத்துக் கொடுத்தது, அவ்வளவுதான். கறுப்பான பெண்ணுக்கு வேலை கிடைக்காது, மாப்பிள்ளை கிடைக்காது என்று விளம்பரம் சொன்னபோது, அது பொய் என்று மறுக்க முடியாத நிலையில்தான் ஊர் இருந்தது.

எதிர்க்குரலும் சென்னையிலிருந்து எழுந்தது. கவிதா இம்மானுவேல் நடத்தும் ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு 2009-ல் ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ என்ற பிரசாரத்தைத் தொடங்கியது. 2013-ல் நடிகை நந்திதா தாஸ் அதில் சேர்ந்த பிறகு நாடு முழுக்கப் பேச்சானது. 2020-ல், அமெரிக்காவில் கறுப்பர் உயிர்களுக்கான போராட்டம் உச்சத்தில் இருந்தபோது, ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரை க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றிக்கொண்டது.

பெயர் மாறியதும் கடை அலமாரியும் மாறியது. இப்போது யாரும் “சிவப்பாகணும்” என்று வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்டால் பிற்போக்கு என்பார்கள். “டேன் ஆயிடுச்சு, எடுக்கணும்” என்கிறார்கள். பியூட்டி பார்லர் விலைப்பட்டியலில் ‘டி-டேன்’ என்று ஒரு வரி வந்துவிட்டது. முகத்துக்கு ஒரு ரேட், முழுக்கைக்கு ஒரு ரேட், முதுகுக்குத் தனி. பிறந்த நிறம் இது அல்ல, வெயில் வந்து மேலே பூசிவிட்டுப் போயிருக்கிறது, துடைத்தால் உள்ளே நிஜமான ‘நான்’ வெளுப்பாக இருக்கிறேன் என்ற நம்பிக்கைதான் அந்த வியாபாரத்தின் முதலீடு. பழைய ஆசையே இதற்கும் அடியில் இருக்கிறது, பேச்சில் மட்டும் கொஞ்சம் விஞ்ஞானம் கலந்துவிட்டது.

வெயில் காய்ந்த வெள்ளையர்கள்

வெள்ளையர் நாடுகளிலும் ஒரு காலத்தில் கதை இதேதான். வயலில் உழைத்தவன் தோல் கருகியது, மாளிகையில் இருந்தவள் குடை பிடித்து நடந்தாள். பிறகு உழைக்கும் மக்கள் வயலிலிருந்து தொழிற்சாலைக்குள் போனார்கள். புகையும் இருட்டுமான நகரங்களில் வெளிறிய தோல் ஏழையின் அடையாளம் ஆனது. நீல்ஸ் ஃபின்சன் என்ற டேனிஷ் மருத்துவர் தோலில் வரும் காசநோயை ஒளியால் குணப்படுத்தியதற்காக 1903-ல் நோபல் பரிசு பெற்றார். சுவிட்சர்லாந்தின் லேசான் மலையில் அகுஸ்த் ரோலியே நோயாளிகளை வெயிலில் படுக்கவைத்து வைத்தியம் பார்த்தார். வெயில் மருந்தாகியிருந்த அந்தக் காலத்தில்தான், 1923 வாக்கில், கோக்கோ ஷனெல் பிரான்ஸின் தென்கடற்கரையிலிருந்து கறுத்த தோலோடு திரும்பி, அதை ஃபேஷன் ஆக்கினார் என்பார்கள். தனி ஒரு பெண்மணியால் ஒரு கண்டத்தின் ரசனை மாறிவிட்டது என்பதை நான் அப்படியே நம்பவில்லை. வேலை நாளில் கடற்கரையில் படுத்துக் கிடக்க யாருக்கு வசதி உண்டோ அவர்களுடைய நிறம் அழகாகிவிட்டது. இங்கே நிழல் எப்படி வசதியின் அடையாளமோ அப்படி அங்கே வெயில்.

அதற்கான விலையை அதிகமாகக் கொடுத்தது ஆஸ்திரேலியா. பிரிட்டனின் மங்கலான வானத்துக்கு ஏற்ற தோலோடு வந்து, நம்முடையதைப் போன்ற கொடும் வெயிலின் கீழ் குடியேறியவர்கள் அவர்கள். 70 வயதை எட்டுவதற்குள் மூன்று ஆஸ்திரேலியரில் இருவருக்கு ஏதாவது ஒரு வகைத் தோல் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படும் என்பது அங்கே பாலர் பள்ளிவரை தெரிந்த கணக்கு. 1981-ல் விக்டோரியா மாநிலப் புற்றுநோய்த் தடுப்பு அமைப்பு தொலைக்காட்சியில் ஒரு கார்ட்டூன் கடற்காகத்தை ஆடவிட்டது. பெயர் சிட். சட்டையை மாட்டு, க்ரீமைத் தடவு, தொப்பியைப் போடு என்று ‘ஸ்லிப், ஸ்லாப், ஸ்லேப்’ பாட்டுப் பாடியது. பின்னால் நிழலைத் தேடு, கண்ணாடி அணி என்று இரண்டு சேர்ந்தன. பழுப்பேறிய உடம்பை ஆரோக்கியத்தின் சின்னமாகப் பார்த்த ஒரு நாடு, ஒரு தலைமுறைக்குள் அதை ஓரளவுக்கு மறந்தது. 2007-ல் கிளேர் ஆலிவர் என்ற 26 வயதுப் பெண், தோல் கறுக்கவைக்கும் சோலாரியம் படுக்கைகளுக்கு எதிராக, மெலனோமா என்ற தோல் புற்றுநோயால் சாகும் தறுவாயில் பேசிவிட்டுப் போனார். 2009-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அந்தப் படுக்கைகளைப் புகையிலை இருக்கும் முதல் பட்டியலில் சேர்த்தது. 2015 தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான மாநிலங்களில் அந்தத் தொழிலே சட்டவிரோதம் ஆனது. இன்று அங்கே 40 வயதுக்குக் கீழே இருப்பவர்களிடம் மெலனோமா குறைந்து வருகிறது.

முழு வெற்றி என்று சொல்லிவிட முடியாது. புற ஊதாக் கதிரின் கடுமையைச் சொல்லும் யூ.வி. குறியீடு எந்த மணிக்கு உச்சத்தில் இருக்கும் என்று செல்போனில் பார்த்து, சரியாக அந்த நேரத்துக்குப் போய்ப் படுக்கிற இளசுகள் சமூக வலைதளங்களில் மறுபடி கிளம்பியிருக்கிறார்கள். எச்சரிக்கைக்காக வைத்த எண், அவர்களுக்கு முகூர்த்த நேரம்!

சிட்னியிலும் மெல்போர்னிலும் ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன, அவர்களில் பலர் ஈழத்திலிருந்து போனவர்கள். அவர்கள் பிள்ளைகள் படிக்கும் ஆரம்பப் பள்ளிகளில் ஒரு விதி உண்டு: தொப்பி இல்லையா, மைதானத்தில் விளையாட்டும் இல்லை, நிழலில் உட்கார வேண்டியதுதான். வெள்ளைப் பிள்ளை, கறுப்புப் பிள்ளை என்று விதியில் பேதம் கிடையாது. வீட்டில் பாட்டி “கறுத்துடுவ” என்று சொல்லியிருக்கலாம். பள்ளியில் அதே தொப்பியை வேறு காரணத்துக்காக மாட்டுகிறார்கள்.

நம் தோலுக்கு வெயில் என்ன செய்யும்?

ஆஸ்திரேலியக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து பயமுறுத்துவது தப்பு. அதைத்தான் இன்று சில விளம்பரங்கள் செய்கின்றன.

நம் தோலில் இருக்கும் மெலனின் ஒரு குடை. வெயில் பட்டதும் செல்கள் அதை உண்டாக்கி, தங்கள் மரபணு இருக்கும் உட்கருவுக்கு மேலேயே கொண்டுபோய் விரிக்கின்றன. கறுப்பாவது என்பது தோல் கெட்டுப்போவதல்ல, அடி விழத் தொடங்கியதும் தோல் தடுக்கத் தொடங்குகிறது. ஆப்பிரிக்க வம்சாவளியினரின் தோலின் மேலடுக்குக்கு மட்டும் சன்ஸ்கிரீன் டியூபில் போடும் எஸ்.பி.எஃப். கணக்கில் சுமார் 13 அளவுக்குத் தடுக்கும் வலு உண்டு என்றும், வெள்ளைத் தோலுக்கு அது 3 சொச்சம்தான் என்றும் பழைய ஆய்வு ஒன்று அளந்தது. நாம் நடுவில் எங்கோ இருக்கிறோம். பூமியில் எங்கே புற ஊதாக் கதிர் அதிகமோ அங்கே மனிதர்கள் கறுப்பாக இருப்பதற்கு ஃபோலேட் சத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது முக்கியக் காரணம் என்கிறார் அமெரிக்க மானுடவியலாளர் நீனா ஜப்லோன்ஸ்கி. வயிற்றுப் பிள்ளை சரியாக வளர அந்தச் சத்து வேண்டும். கடும் வெயில் ரத்தத்தில் அதைச் சிதைக்கும். நல்ல பிள்ளை பெறுவதற்காக இயற்கை கொடுத்த நிறத்தைக் கல்யாணச் சந்தையில் குறையாகப் பேசுகிறோம்.

அதனால் இந்தியாவில் வரும் மொத்தப் புற்றுநோய்களில் தோல் புற்றுநோய் 1 சதவிகிதத்துக்கும் குறைவு. நமக்கு வரவே வராது என்பதல்ல. பாடகர் பாப் மார்லியின் உயிரை 1981-ல் வாங்கியது கால்விரல் நகத்தடியில் தொடங்கிய மெலனோமா. கறுத்த தோலினருக்கு இந்த நோய் வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி என்று வெயில் படாத இடங்களில்தான் பெரும்பாலும் வரும். அதை எந்த சன்ஸ்கிரீனும் தடுக்காது, காலைக் குனிந்து பார்க்கிற பழக்கம்தான் உதவும். அல்பினிசம் உள்ளவர்கள் கதை வேறு. நிறமியே இல்லாத தோலோடு தமிழக வெயிலில் பள்ளிக்கு நடக்கும் அந்தப் பிள்ளைகளுக்குத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் க்ரீமும் மருந்துக்குச் சமம்.

மற்றவர்களுக்கு வெயில் செய்வது மெதுவான வேலை. முதலாவது, மங்கு. முப்பது வயதைத் தாண்டிய பெண்களின் கன்னத்திலும் மூக்கின் மேலும் திட்டாகப் படரும் கருமை. பிள்ளைப்பேறு, கருத்தடை மாத்திரை, பரம்பரை என்று அதற்குப் பல வேர். தண்ணீர் ஊற்றி வளர்ப்பது வெயில். புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமே மங்கை அதிகமாக்கும் என்பது பலருக்குத் தெரியாது. அதனால்தான் மங்கு உள்ளவர்களுக்குத் தோல் மருத்துவர்கள் இரும்பு ஆக்சைடு கலந்த, லேசாக நிறமேற்றிய சன்ஸ்கிரீனை எழுதித் தருகிறார்கள். இரண்டாவது, வெயில் அலர்ஜி. கோடை தொடங்கியதும் முன்கையிலும் கழுத்திலும் பொரிப்பொரியாக வந்து அரிக்கும். மூன்றாவது கண். இதை யாரும் பேசுவதில்லை. வெண்விழியிலிருந்து கருவிழிக்குள் சதை வளர்கிற கோளாறு வெயிலிலும் காற்றிலும் தூசியிலும் வேலை செய்கிறவர்களுக்கே அதிகம் வருகிறது. கண்புரைக்கும் வெயிலுக்கும் தொடர்பு உண்டு. கன்னத்துக்கு ஐந்நூறு ரூபாய் டியூப் வாங்குகிற வீட்டில் கண்ணுக்குத் தொப்பி விளிம்பின் நிழல்கூட இல்லை.

நான்காவது, சுருக்கமும் தொய்வும். அமெரிக்காவில் 28 வருடம் டெலிவரி லாரி ஓட்டிய ஒருவரின் முகப் படத்தை 2012-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ வெளியிட்டது. வலது கன்னம் வயதுக்கேற்ற கன்னம். ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னமோ அவருடைய அப்பாவின் கன்னம் மாதிரி, தடித்து மடிந்து தொங்குகிறது. தரைக்கு வரும் புற ஊதாவில் 95 சதவிகிதம் யூ.வி.ஏ.; சாதாரண ஜன்னல் கண்ணாடி அதைப் பெரிதாக மறிப்பதில்லை. தோலைச் சிவக்கவைக்கும் யூ.வி.பி.யை மட்டும் மறிக்கிறது. நம் ஊரில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது வலது கை. எந்த வேன் டிரைவரின் இரண்டு கைகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தாலும் புரிந்துவிடும்.

ஊட்டியில் மூக்கு உரிவது ஏன்?

வெயிலின் சூட்டையும் புற ஊதாக் கதிரையும் நாம் ஒன்றாகவே நினைக்கிறோம். வேர்த்தால் வெயில், வேர்க்காவிட்டால் இல்லை. ஊட்டிக்குப் போய்விட்டு வந்த பிள்ளைகளுக்கு மூக்கின் மேல் தோல் உரிவதைப் பார்த்து “பனிக்கு இப்படித்தான்” என்று எண்ணெய் தடவுகிறோம். கடல் மட்டத்திலிருந்து ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் புற ஊதா சுமார் 10 சதவிகிதம் கூடும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். குளிர்கிறது என்பதால் மதியம் முழுக்க ஏரிக்கரையில் நிற்கிறோம். அங்கே இறங்குகிற கதிர் சென்னையைவிடக் கடுமையானது. லேசான மேகமும் அப்படித்தான்: சூட்டைக் குறைக்கும், புற ஊதாவில் 80 சதவிகிதம் வரை உள்ளே விட்டுவிடும்.

கத்திரிக்கும் புற ஊதாவுக்கும்கூடச் சம்பந்தம் குறைவு. சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு முறை, ஆகஸ்ட் மூன்றாவது வாரத்தில் இன்னொரு முறை. அக்னி நட்சத்திரம் முடிந்தது என்று மூச்சுவிட்ட பிறகும் வானம் தெளிவாக இருக்கிற நாளில் நண்பகல் கதிர் குறைவதில்லை. 3-ஐ எட்டினாலே பாதுகாப்பு வேண்டும் என்று சொல்லப்படும் யூ.வி. குறியீடு, சென்னைக் கோடை நண்பகலில் 11-ஐத் தாண்டுவது சகஜம். அந்த அளவுகோலில் 11-க்கு மேலே தனிப்பெயர் கிடையாது. ‘அதிதீவிரம்’ என்பதோடு முடிந்துவிடுகிறது. இந்த எண் பெரும்பாலான செல்போன்களில் வானிலைப் பக்கத்திலேயே இருக்கிறது. மழை வருமா என்று பார்க்கிறவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

வைட்டமின் டி பற்றிய குழப்பமும் இங்கேதான். நகரங்களில் ரத்தம் சோதித்தால் பெரும்பாலானவர்களுக்கு அது குறைவாக வருகிறது. இவ்வளவு வெயில் அடிக்கிற ஊரில்! “காலை இளவெயிலில் அரை மணி நேரம் நில்லுங்கள்” என்ற அறிவுரையைக் கேட்டு ஆறரை மணிக்கு மொட்டை மாடியில் நிற்கிறவர்களைப் பார்க்கிறேன். மனசுக்கு நல்லது, தூக்கத்துக்கும் நல்லது. வைட்டமினுக்கு மட்டும் பெரிதாக உதவாது. தாழ்ந்த சூரியனிலிருந்து யூ.வி.பி. அவ்வளவாக வந்து சேர்வதில்லை. திருப்பதியில் செய்த ஆய்வு ஒன்று காலை 11 முதல் பிற்பகல் 2 வரைதான் தோலில் வைட்டமின் டி சரியாக உருவாகிறது என்று கண்டது. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கிற நேரம் அது. மெலனின் அதிகம் உள்ள தோலுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டும். அதற்காகக் கத்திரியில் போய்க் காய வேண்டியதில்லை. கடைக்கு நடக்கிற, துணி காயப்போடுகிற சில நிமிடங்களில் முன்கையில் வெயில் படட்டும், முகத்தை மறைத்துக்கொள்ளுங்கள். குறைபாடு உறுதியானால் டாக்டர் எழுதித் தருகிற மாத்திரை வெயிலைவிடச் சுலபம்.

இரண்டு விரல் க்ரீம்

எஸ்.பி.எஃப். 30 என்றால் யூ.வி.பி.யில் சுமார் 97 சதவிகிதத்தை மறிக்கும், 50 என்றால் 98. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு சதவிகிதம். டியூப் விலையில் வித்தியாசம் அதைவிடப் பெரிது. யூ.வி.ஏ.வுக்கு எவ்வளவு பாதுகாப்பு என்பதைப் பெட்டியில் ‘பி.ஏ.’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் உள்ள கூட்டல் குறிகள் சொல்லும். ஜப்பானில் பிறந்த அளவு அது. மூன்று கூட்டலாவது இருக்கட்டும்.

இந்த எண்ணெல்லாம் ஆய்வகத்தில் தடவுகிற அளவுக்குத்தான் பொருந்தும்: ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம். முகத்துக்கும் கழுத்துக்கும் அது ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் நுனி முதல் அடிவரை பிதுக்கிய அளவு. அவ்வளவு தடவினால் முகம் திருநீறு பூசியது போல ஆகும் என்று பயந்து நாம் போடுவது பட்டாணி அளவு. அதில் 50 என்று எழுதியிருப்பது 10-க்கும் தேறாது. சரியான அளவில், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை வேண்டாம், ஒரு நாளைக்கு இரண்டு முறை என்று வைத்தாலே 50 கிராம் டியூப் மூன்று வாரம் வருவது கஷ்டம். விலை நானூறு, ஐந்நூறு. எத்தனை குடும்பங்களால் முடியும்? பெட்டியில் போட்டிருக்கும் எண்ணும் வேதவாக்கல்ல. 2025-ல் ஆஸ்திரேலியாவின் நுகர்வோர் அமைப்பான ‘சாய்ஸ்’ 20 சன்ஸ்கிரீன்களைச் சோதித்ததில் 16, தாங்கள் சொல்லிக்கொண்ட எண்ணை எட்டவில்லை. சட்டம் அவ்வளவு கெடுபிடியாக உள்ள நாட்டிலேயே இந்தக் கதி.

க்ரீமால் கெட்டவர்கள் குறைவு. ‘டேன்’ எடுக்கப் போய்க் கெட்டவர்கள்தான் அதிகம். கடலை மாவு, தயிர், பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள் என்பதெல்லாம் பெரும்பாலும் கெடுதல் செய்யாது, பெரிய நன்மையும் இல்லை. எலுமிச்சை அப்படி அல்ல. எலுமிச்சைச் சாற்றில் சோராலென் வகை வேதிப்பொருள் உண்டு; அதைத் தேய்த்துக்கொண்டு வெயிலுக்குப் போனால் கொப்புளம் வரும், அந்த இடம் மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். வெண்புள்ளிக்குக் கார்போகரிசியைக் கொடுத்து வெயில் காட்டச் சொன்ன பழைய வைத்தியம் இதே வேதிவினையைத் தெரிந்து பயன்படுத்தியது. கறுக்கவைக்க உதவுகிற மருந்தையே வெளுக்க வேண்டும் என்று முகத்தில் தேய்த்தால் என்ன ஆகும்?

அதைவிடப் பயங்கரம் மெடிக்கல் ஷாப்பில், சீட்டு இல்லாமல், ‘அந்த டியூப்’ என்று கேட்டு வாங்குவது. ஸ்டீராய்டும் ஹைட்ரோகுவினோனும் ட்ரெட்டினாயினும் கலந்த க்ரீம்கள் மங்குக்காக, சில வாரம் மட்டும், டாக்டர் கண்காணிப்பில் போட வேண்டியவை. முதல் மாதம் முகம் பளிச்சென்று ஆகும். ஆறாவது மாதம் தோல் காகிதமாக மெலிந்து, ரத்தக் குழாய்கள் சிவப்புக் கோடாகத் தெரிந்து, பருவும் முடியும் முளைத்து, க்ரீமை நிறுத்தினால் எரியும். மருத்துவர்கள் ‘ஸ்டீராய்டு முகம்’ என்று தனிப்பெயரே வைத்துவிட்டார்கள். 2018-ல் மத்திய அரசு ஸ்டீராய்டு க்ரீம்களை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலுக்குக் கொண்டுவந்தது. சட்டம் ஏட்டில் இருக்கிறது, டியூப் கவுன்ட்டரில் இருக்கிறது. 2023-ல் கேரளத்தின் மலப்புரம் பகுதியில் சிறுநீரகக் கோளாறோடு வந்த பலரை விசாரித்தபோது, அவர்கள் பூசிய பெயர் தெரியாத சிவப்பழகு க்ரீம்களில் இருந்த பாதரசம்தான் காரணம் என்று தெரியவந்தது. வெயிலால் யாருக்கும் கிட்னி கெடவில்லையே என்று சொல்ல வந்தேன். அதுவும் உண்மை இல்லை.

வயல்காட்டுச் சட்டை

டெல்டா பக்கம் நடவு நடக்கும்போது பஸ்ஸில் போனால் ஒரு காட்சி தப்பாது. வரிசையாகக் குனிந்து நிற்கும் பெண்கள் எல்லாரும் சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை போட்டிருப்பார்கள். வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டை. கட்டம் போட்டது, கோடு போட்டது, காலர் கிழிந்தது. மணிக்கட்டுப் பட்டனைப் போட்டிருப்பார்கள். தலையில் துண்டு, அதன் ஒரு முனை பின்கழுத்தை மூடித் தொங்கும். கையை நெல் சுணையிலிருந்தும் முதுகை வெயிலிலிருந்தும் ஒரே சட்டை காப்பாற்றுகிறது. எந்த விளம்பரமும் எந்த மருத்துவரும் சொல்லிக்கொடுக்காமல் வந்த பழக்கம். நெருக்கமாக நெய்த, அடர் நிற முழுக்கைத் துணி பட்டாணி அளவு க்ரீமைவிடப் பன்மடங்கு மேல். கரைந்து போகாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியதில்லை. துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், மறுபக்கம் தெரிந்தால் வெயிலுக்கும் வழி தெரியும். சிக்னலில் பார்க்கிற மெல்லிய ஷிஃபான் துப்பட்டா பெரும்பாலும் இந்தச் சோதனையில் தோற்கும். வயல்காட்டுச் சட்டை ஜெயிக்கும்.

ஆனால், சட்டை கதிரைத்தான் மறிக்கும், சூட்டை அல்ல. உப்பளத்தில் கீழேயிருந்தும் வெள்ளை கண்ணைப் பறிக்கும், மேலே மரம் கிடையாது. ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபாலின் குழு தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 350-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை ஆராய்ந்து 2023-ல் வெளியிட்ட முடிவின்படி, பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பு வரம்புக்கு மேலான வெப்பத்தில் வேலை செய்கிறார்கள். 7 சதவிகிதம் பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. கழிப்பறை இல்லாத இடத்தில் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறார்கள். இவர்களிடம் போய் சன்ஸ்கிரீன் பேச எனக்கு நா வராது.

நிழல் என்பது டியூபில் வாங்குகிற பொருளாக இருக்கும்வரை, வாங்க முடிந்தவர்களுக்கு மட்டும்தான் கிடைக்கும். 2024 மே மாதம் புதுச்சேரி சிக்னல்களில் பச்சை வலைப் பந்தல் போட்டார்கள். படம் நாடு முழுக்கச் சுற்றியது, சென்னையும் பின்பற்றியது. அறுபது நொடி நிற்கிறவர்களுக்கு இவ்வளவு சந்தோஷம் என்றால், எட்டு மணி நேரம் நிற்கிற டிராஃபிக் போலீஸுக்கும் சாலைப் பணியாளருக்கும் பூக்காரம்மாவுக்கும் எவ்வளவு இருக்கும்? டிராஃபிக் போலீஸுக்குக் கோடைதோறும் மோரும் தொப்பியும் தருகிறார்கள். மற்றவர்கள் கணக்கில் வரவில்லை. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நல்ல முடிவு. சாவதற்கு முன்னால் தர வேண்டியவையும் அதே அரசாணை மாதிரி எழுத்தில் வரலாம்: நூறு நாள் வேலைத் தளத்தில் கூரை, மதியம் 12 முதல் 3 வரை ஓய்வு, பஸ் நிறுத்தத்தில் நிஜமான நிழல். சில பேருந்து நிழற்குடைகளின் கூரை தலைவர்களின் படத்துக்கு நிழல் தருகிற அளவில்தான் இருக்கிறது.

பள்ளிகளில் தொடங்குவதுதான் எளிது. தனியார் பள்ளிச் சீருடைப் பட்டியலில் டை இருக்கிறது, பெல்ட் இருக்கிறது, ஷூ இரண்டு ஜோடி இருக்கிறது. பல பள்ளிகளில் தொப்பி இல்லை. சுவெட்டரும் ஷூவும் வேண்டிய இங்கிலாந்திலிருந்து வந்த பட்டியல் அது. மைதானத்தில் வெயிலில் நிற்கவைத்துக் காலைக் கூட்டம் நடத்துகிறோம், பி.டி. வகுப்பை மதியத்துக்கு முந்தைய பீரியடில் போடுகிறோம். அரசுப் பள்ளிகளில் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு வருடத்துக்கு நான்கு செட் சீருடை இலவசம். மலைப்பகுதிப் பிள்ளைகளுக்கு அதோடு சுவெட்டரும் ரெயின் கோட்டும் பூட்ஸும் கொடுக்கிறார்கள். மலைக்குக் குளிரும் மழையும் என்று யோசித்தவர்கள், மற்ற மாவட்டங்களுக்கு வெயில் என்று யோசிக்க முடியாதா? சுற்றிலும் விளிம்பு வைத்த துணித் தொப்பி, பையன்களுக்கும் பெண்களுக்கும் ஒரே மாதிரி, ஒரே நிறத்தில். சீருடைக்கு வெட்டிய துணியில் மீதமாவதிலேயே பாதி தைத்துவிடலாம்.